கதவு திறந்திருந்தால் போதுமா?

“கதவைத் திறந்து வைத்தோம், வராதது எவர் குற்றம்?” அமெரிக்க நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வீசப்படும் கேள்வி இது. நியாயம் போலத் தோன்றும். நியாயந்தானா? பகுத்தறிவு எனும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம், தோழர்களே!

1901ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் அரும்பியது இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி. ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, 1947இல் ‘சமுதாயக் கல்லூரி’ எனும் பெயரை நாடறியச் செய்தது. இன்று அத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம். இடத்துக்குப் போட்டியில்லை, கட்டணமும் குறைவு. தொழிலாளியின் மகனுக்கும், குடியேறி வந்தவருக்கும், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கத் துடிக்கும் தாய்க்கும் உயர்கல்வியின் வாயில் அதுவே.

ஆயினும், கல்லூரி செல்வதென உறுதி பூண்டு பள்ளியை முடித்தவர்களில், 100க்கு 10 முதல் 20 பேர் வரை வகுப்பறையை மிதிப்பதே இல்லை என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ‘கோடைக் கரைவு’ என்று அதற்குப் பெயரும் இட்டுள்ளனர். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளிடையே, சமுதாயக் கல்லூரியை நாடுவோரிடையே, அந்தக் கரைவு மிகுதி.

காரணம் என்ன? சோம்பலா? தலைவிதியா? அல்ல, அல்ல! பள்ளிச் சான்று, தரம் காணும் தேர்வு, பாடப்பதிவு, கட்டணக் கெடு, இத்தனைக்கும் மேலாக, அரசின் உதவித்தொகைக்கான ‘பாஃப்சா’ எனும் விண்ணப்பம்! பல்லாண்டுக் காலம் அதிலே 100க்கு மேற்பட்ட கேள்விகள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடான் என்பார்களே, அந்தக் கதைதான். சட்டம் வரம் கொடுத்தது. படிவம் எனும் பூசாரி குறுக்கே நின்றான்!

சான்று உண்டா என்பீர். உண்டு. பெட்டிங்கர், லாங் முதலிய அறிஞர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒஹையோ, வட கரோலினா மாநிலங்களில், வருமானவரிக் கணக்குக் கொடுக்க வந்த எளிய குடும்பங்களில் சிலருக்கு, அங்கேயே, சில நிமிடங்களில் அந்த விண்ணப்பத்தை நிரப்ப ஆள் துணை தரப்பட்டது. வேறு சிலருக்கோ, “உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்” எனும் தகவல் மட்டும். விளைவு? துணை பெற்ற வீட்டுப் பள்ளி மாணவரில், பின்வந்த மூன்றாண்டுகளுக்குள் இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தோர் 100க்கு 36 பேர். துணை பெறாதோரில் 28 பேர். தகவல் மட்டும் பெற்றவரிடமோ மாற்றமே இல்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ?

நுழைந்த பின்னும் துணை வேண்டும். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ‘அசாப்’ எனும் திட்டத்தைத் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நெருங்கி நின்று வழிகாட்டும் ஆலோசகர், பயணச்சீட்டு, பாடநூல் உதவி ஆகியவை துணை. மூன்றாண்டில் பட்டம் பெற்றோர் 100க்கு 22இலிருந்து 40ஆக உயர்ந்தனர். “செலவு அதிகமன்றோ?” என்பர். ஒரு மாணவருக்கான செலவு அதிகம். ஒரு பட்டத்துக்கான செலவோ குறைவு!

“வளர்ந்தவனைக் கைப்பிடித்து அழைக்க வேண்டுமா?” என ஏளனம் பேசுவோருக்கு ஒரு கேள்வி. செல்வர் வீட்டுச் செல்வனுக்குப் படிவம் நிரப்பத் தந்தை உண்டு. வழி சொல்லப் படித்த தாய் உண்டு. காசுக்கு ஆலோசனை கூற ஆளும் உண்டு. அந்தத் துணைக்குப் பெயர் ‘தகுதி’. ஏழைக்கு அதே துணையைக் கல்லூரி தந்தால், பெயர் ‘சலுகை’! இதுவா நேர்மை?

திறந்த கதவு வாய்ப்பாகாது. வாயிலில் வழிகாட்டும் ஒருவரை நிறுத்துங்கள். வகுப்பறை வரை துணை வரச் செய்யுங்கள். அதன் பிறகு பேசுங்கள், வராதவன் குற்றத்தைப் பற்றி!