நரம்பு எடுத்த பல் ஏன் வலிக்கிறது?

மாணவர்களே, வேர்ச் சிகிச்சையின் முதல் வருகையில் பல் மருத்துவர் பற்கூழை நரம்போடு எடுத்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைப்பார். அதன் பிறகும் இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும். வலிப்பது வேர் நுனியைச் சுற்றியுள்ள திசு. மேலே தடவும் கிராம்புத் தைலம் அங்கே எட்டாது. ஆஸ்பிரினை ஈறில் வைக்கவே கூடாது. அது அமிலம், ஈறு புண்ணாகும். பெற்றோரிடம் சொல்லிப் பனடோல் விழுங்குங்கள், அட்டையில் உள்ள அளவுக்கு மேல் வேண்டாம். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே கிளினிக் போகவேண்டும்.

எனக்கு வலியைவிட, வலி நிற்பதுதான் கவலை. 'இனி எதற்கு ரவாங் வரைக்கும்?' என்று சுங்கை சோவிலேயே இருந்துவிடுகிறோம். தற்காலிக அடைப்பு நாளடைவில் தேயும். எச்சிலோடு கிருமி உள்ளே போகும். அதைச் சொல்ல அந்தப் பல்லுக்குள் நரம்பு கிடையாது.