மரத்துக்கு மொட்டை அடிக்காதீங்க

பிப்ரவரி வந்தா டெக்சஸ்ல ஒரு தொற்று பரவும். தெருவுல யாராவது ஒருத்தர் தன் வீட்டு கிரேப் மர்ட்டில் மரத்தைத் தோள் உயரத்துக்கு மொட்டையா வெட்டுவார். அடுத்த சனிக்கிழமைக்குள்ள தெருவே மொட்டை. நம்மாளுங்க வீடும் சேர்த்துதான். ஏன்னு கேட்டா, "எல்லாரும் வெட்டுறாங்களேப்பா!" இந்தக் கூத்துக்கு இங்க ஒரு பேரே இருக்கு: கிரேப் மர்டர்.

இது சீனாப் பக்கத்து மரம். ஊர்ல பூமருதுன்னு சொல்றோமே, அதுக்குச் சொந்தக்காரன். 1997ல டெக்சஸ் இதைத் தன்னோட மாநிலப் புதர்ச்செடின்னு அறிவிச்சது. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்ல மத்த செடியெல்லாம் வாடும்போது இது கொத்துக் கொத்தா பூக்கும்.

"புதுக் கிளையிலதான் பூக்கும், அதான் வெட்டுறோம்"னு சொல்வாங்க. முதல் பாதி உண்மை. ஆனா வெட்டாத மரமும் ஒவ்வொரு வசந்தத்துலயும் நுனியில புதுசா தளிர்க்கத்தானே செய்யுது? மொட்டை அடிச்ச இடத்துல ஒல்லி ஒல்லியா குச்சிங்கதான் கிளம்பும். பூ கனத்துக்கு வளைஞ்சு, ஒரு மழை பெஞ்சா தலைகுப்புறத் தொங்கும். இளந்தளிர் அசுவினிக்கு விருந்து. வருஷா வருஷம் அதே இடத்துல வெட்டினா, மடக்கின கைமுஷ்டி மாதிரி முண்டு முண்டா ஆயிடும். எனக்கு இந்த மரத்துல பூவை விடத் தண்டுதான் பிடிக்கும். கொய்யா மரம் மாதிரி பட்டை உரிஞ்சு வழவழன்னு இருக்கும். குளிர்காலம் முழுக்க பார்க்க வேண்டிய அந்த அழகைத்தான் கெடுக்குறோம்.

இன்னொரு சாக்கு: "ரொம்பப் பெருசாயிடும்." நாட்செஸ் வகை 20 அடிக்கு மேல போகும். அதைக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழ நட்டது யாரு? டிசைன்ல தப்பு பண்ணிட்டு வருஷா வருஷம் பேட்ச் போடுற கதை. என் வேலையில இதைத் தினமும் பாக்குறேன். சின்ன இடம்னா 10 அடி அளவுல நிக்கிற அகோமா இருக்கு. இன்னும் குட்டியா வேணும்னா பொகோமோக். ரெண்டும் வாஷிங்டன்ல இருக்குற நேஷனல் ஆர்போரீட்டம் உருவாக்கினதுதான். நல்லா வெயில் விழுற இடமா பார்த்து நடுங்க.

அப்போ கத்தியே வைக்கக் கூடாதா? வைக்கலாம். அடியில முளைக்கிற குச்சிங்க, காய்ஞ்சது, ஒண்ணோட ஒண்ணு உரசுற கிளை, இவ்வளவுதான். கட்டைவிரலை விடத் தடியான கிளைன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. ஏற்கெனவே மொட்டை அடிச்ச மரம்னா, ஒவ்வொரு முண்டுலயும் பலமான ரெண்டு மூணு தளிரை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடுங்க. சில வருஷத்துல உருவம் திரும்பும்.

தோட்டவேலைக்கு ஆள் வர்ற வீடுன்னா ஜனவரியிலேயே சொல்லி வைங்க. வெட்டிக் குவிச்சாத்தான் வேலை செஞ்ச மாதிரி தெரியும்னு அவங்களுக்கு ஒரு நினைப்பு. அப்பா கராஜ்ல ரம்பம் தேடினா, இதைப் படிச்சுக் காட்டுங்க. "உனக்கென்ன தெரியும்"னுதான் ஆரம்பிப்பார். விடாதீங்க.