தூணில் மிச்சம் பிடிக்கலாமா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் புது வீடு கட்டுபவர்கள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்? என்ன டைல்ஸ், என்ன கலர் பெயிண்ட், முன்பக்க எலிவேஷன் எப்படி... இவைதான். தூணுக்குள் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று கட்டுகிறார்கள் என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் வீட்டைத் தாங்கப் போவது டைல்ஸ் இல்லையே!

சிதம்பரம் நடராஜர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் நெருக்கமாக நிற்கும். அழகு மட்டும் அதற்குக் காரணம் இல்லை. கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேலே கிடக்கும் கல் உத்தரத்தின் அடிப்பக்கம் பாரத்தால் இழுபடும். நீளம் கூடினால் ஒடிந்துவிடும். கான்கிரீட்டுக்கும் இதே குணம்தான். அதன் இழுவை வலிமை, அமுக்க வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையைக் கம்பி தீர்க்கிறது. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் இந்தக் கூட்டணி உடைவதில்லை.

முறையாகக் கட்டிய பீமில் பாரம் மீறினால் முதலில் கம்பி நீளும். அடியில் விரிசல் தெரியும், பீம் தொய்யும். வீட்டில் இருப்பவர்கள் வெளியேற நேரம் கிடைக்கும். தூண் அப்படி இல்லை. பாரம் மீறும்போது உள்ளே நிற்கும் கம்பிகள் வெளிப்பக்கமாக வளையப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ரிங்தான். அது போதவில்லை என்றால் கான்கிரீட் நொறுங்கி, தூண் திடீரென்று போய்விடும். மேலே இருக்கும் அத்தனையும் அதோடு கீழே வரும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட முதலில் பேசப்பட்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்து இடித்தார்கள். அது பெரிய கட்டிடம், நம்ம ஊர் மாடி வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உயரம்தான் வேறு, தூண் வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

இனி கணக்குக்கு வரலாம். 9 அங்குலத் தூண், 12 மி.மீ. கம்பி என்றால், ஐ.எஸ். 456 விதிப்படி ரிங் இடைவெளி 192 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது (கம்பி விட்டத்தைப் போல 16 மடங்கு). 10 அடித் தூணுக்கு 16 ரிங் தேவை. அடிக்கு ஒன்று கட்டினால் 10 போதும். 8 மி.மீ. கம்பியில் மிச்சமாவது சுமார் 2 கிலோ! பன்னிரண்டு தூண் உள்ள வீட்டில் 24 கிலோ வரும். ஒரு அறைக்கு டைல்ஸ் போடக்கூட அந்தக் காசு காணாது.

கடலோரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே விதி. உப்புப் போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் கம்பி உள்ளேயே துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேல்காரை பெயர்ந்து விழும். கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையோடு ஒட்டவிட்டால் உப்புக்காற்றுக்கும் வேலை சுலபம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்த பிறகு, கான்கிரீட் வீடு என்றால் பயமில்லை என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் வேரூன்றிவிட்டது. நம்பிக்கை சரிதான். ஆனால் அது தூணுக்குள் இருப்பதைப் பொறுத்தது. சிவில், ஸ்ட்ரக்சுரல் படிப்புக்கென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையே இருக்கும் ஊரில், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பெரிய காரியம் இல்லை.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது இதுதான். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் ரிங் இடைவெளியை அளக்க வேண்டும். மேஸ்திரி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பெயிண்ட் பிடிக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளலாம். ரிங்கை மாற்ற முடியுமா?