அற்புதம் தேடும் நாம் ஒட்டகத்தைப் பார்த்தோமா?

 

சுப்ஹுத் தொழுகையை முடித்துவிட்டுக் கைபேசியைக் கையில் எடுத்தால், நம்மில் பலருக்கும் முதலில் வந்து நிற்பது குடும்பக் குழுவில் யாரோ ஒருவர் அனுப்பிய ஓர் ‘அற்புதம்’தான். அறுத்த தக்காளிக்குள் அல்லாஹ்வின் திருநாமம். மீனின் உடலில் அரபி எழுத்து. ருகூவில் குனிந்திருப்பது போல் வளைந்து நிற்கும் மரம். படத்தின் கீழே, ‘சுப்ஹானல்லாஹ்! உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்றொரு கட்டளையும் இருக்கும். நாமும் நன்மையை நாடி அதை அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

இந்தப் பழக்கம் கைபேசியோடு வந்ததன்று. 1969ஆம் ஆண்டு நிலவில் கால்பதித்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே பாங்கோசையைக் கேட்டார், பின்னர் இஸ்லாத்தைத் தழுவினார் என்ற செய்தியை நம்மில் எத்தனை பேர் சிறுவயதில் கேட்டு மெய்சிலிர்த்திருக்கிறோம்! அது உண்மையன்று. முஸ்லிம் நாடுகளில் அச்செய்தி பரவியதைத் தொடர்ந்து, ஆர்ம்ஸ்ட்ராங்கின் சார்பில் 1983ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசு தன் தூதரகங்களின் வழியாக மறுப்புத் தெரிவித்துவிட்டது. ஆயினும் மறுப்பு வந்து சேராத ஊர்களிலெல்லாம் அந்தக் கதை இன்றும் உலவுகிறது.

நிலவின் மேற்பரப்பில் நீண்டு கிடக்கும் ஒரு பள்ளத்தின் படமும் அவ்வாறே. நிலவு பிளந்த அற்புதத்திற்கு விண்வெளி ஆய்வாளர்கள் கண்டெடுத்த சான்று என்று அதைச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் படம் மெய்யானதுதான். அப்போலோ 10 பயணத்தின்போது எடுக்கப்பட்டது. ஆனால் அதில் இருப்பது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பள்ளம். நிலவின் மேலோட்டில் ஏற்பட்ட பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலப்பகுதி கீழே இறங்கியதால் உண்டானது என்பது நிலவியலார் தரும் விளக்கம். நிலவை முழுதாகச் சுற்றி ஓடும் தழும்பு அன்று. நிலவு பிளந்ததை நாம் நம்புவது இறைமறையும் ஆதாரபூர்வமான நபிமொழிகளும் அறிவித்ததால். ஒரு புகைப்படத்தால் அன்று. புகைப்படத்தை நம்பி ஈமானை நிறுத்தினால், புகைப்படத்திற்கு வேறு விளக்கம் வரும் நாளில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்போம்?

இங்கேதான் நம் கவலை தொடங்குகிறது. பெரியவர்களாகிய நமக்கு இச்செய்திகள் ஒரு நிமிட நெகிழ்ச்சி, படித்துவிட்டு மறந்துவிடுவோம். நம் வீட்டுப் பிள்ளை மறப்பதில்லை. ‘வாப்பா சொன்னார், உம்மா காட்டினார்’ என்று அதை மனத்தில் பதித்து வைக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் கல்லூரிக் கனவுகளோடு இணையத்தில் தேடத் தொடங்கும்போது, அந்தப் படம் கணினியில் செய்யப்பட்டது என்பதும், அந்தக் கதை எப்போதோ மறுக்கப்பட்டது என்பதும் ஒரே சொடுக்கில் அதற்குத் தெரிந்துவிடுகின்றன. அப்போது அப்பிள்ளையின் உள்ளத்தில் எழும் கேள்வி தக்காளியைப் பற்றியதாக இராது. ‘இது பொய்யென்றால், இவர்கள் சொல்லித் தந்த மற்றவை?’ என்பதாகவே இருக்கும். பிள்ளை அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டால் நாம் நற்பேறு பெற்றவர்கள். பெரும்பாலும் கேட்பதில்லை, மௌனமாக விலகிப் போகிறது.

‘நல்ல எண்ணத்தில்தானே அனுப்புகிறோம்? நாலு பேருக்கு ஈமான் கூடினால் நல்லதுதானே?’ என்று நம்மில் சிலர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது.

நபியவர்களின் அருமை மகன் இப்ராஹீம், பால்குடிப் பருவம் கடக்கும் முன்னரே மதீனாவில் மரணமடைந்தார். குழந்தையை மடியில் ஏந்திய நபியவர்களின் கண்கள் கலங்கின. அந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிகழ்ந்த கிரகணம் அது என்று வானியல் கணக்கைக் கொண்டு கூறுவர். மக்கள் வானத்தைப் பார்த்தார்கள். இறைத்தூதரின் மகன் இறந்ததற்காகச் சூரியனும் இருண்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சூழலைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பேசியவர்கள் எதிரிகள் அல்லர், அன்பர்கள். சொன்னது பழிச்சொல் அன்று, புகழ்ச்சொல். எவரும் திட்டமிட்டுப் பரப்பியதும் அன்று, தாமாகவே நம்பினார்கள். நபியவர்கள் வாளாவிருந்திருந்தால் போதும், அது ஒரு மாபெரும் அற்புதமாக உலகெங்கும் பேசப்பட்டிருக்கும். ஆனால் மகனை இழந்த அந்தத் துயரத்திலும் நபியவர்கள் அதை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும், அதைக் காணும்போது தொழுது பிரார்த்திக்குமாறும் மக்களுக்கு அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. பொய்யான அற்புதம் தம் குடும்பத்திற்கே பெருமை சேர்ப்பதாயினும் நபியவர்கள் அதை ஏற்கவில்லை. அதே வேளையில், கிரகணம் ஓர் இயற்கை நிகழ்வுதானே என்று அலட்சியமாகவும் விட்டுவிடவில்லை. நீண்ட நேரம் நின்று தொழுதார்கள். பொய்யை நீக்கிய பின்னரும் வியப்பு அங்கே குறையாமல் நின்றது. சொல்லப்போனால், தனக்குரிய இடத்திற்கு அது வந்து சேர்ந்தது.

அந்த இடம் எது என்பதையும் திருக்குர்ஆன் நமக்குக் காட்டித் தருகிறது. வழக்கத்துக்கு மாறான உருவங்களைத் தேடிப் போகுமாறு அது நம்மிடம் சொல்லவில்லை. மழை, விதை, தேனீ, இரவுபகல் மாறுதல், கடலில் செல்லும் கப்பல், தாயின் வயிற்றில் வளரும் கரு என்று நாள்தோறும் நம் கண்முன் நிகழ்பவற்றையே மீண்டும் மீண்டும் சுட்டுகிறது. ‘அல்ஃகாஷியா’ அத்தியாயத்தில் (88:17-20) ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது, வானம் எவ்வாறு உயர்த்தப்பட்டது, மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டன, பூமி எவ்வாறு விரிக்கப்பட்டது என்பவற்றைப் பார்க்குமாறு மனிதனை அழைக்கிறது. முதலில் கேட்டவர்கள் அரபு மக்கள். ஒட்டகத்தின் மீதே பிறந்து வளர்ந்தவர்களிடம் போய் ‘ஒட்டகத்தைப் பாருங்கள்’ என்றால் என்ன பொருள்? பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்பதே அதன் பொருள்.

நாமும் பார்க்கவில்லை. ஒட்டகம் தன் திமிலில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது என்று நம்மில் பலர் படித்தோம். பிள்ளைகளுக்கும் அதையே சொன்னோம். திமிலில் இருப்பது தண்ணீர் அன்று, கொழுப்பு. நூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர் 1953-54ஆம் ஆண்டுகளில் அல்ஜீரியாவின் சஹாராப் பாலைக்கே சென்று, ஒட்டகங்களோடு தங்கி அளந்து பார்த்தார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் கண்டவை நாம் சொல்லிவந்த கதையைக் காட்டிலும் எவ்வளவோ வியப்பானவை.

கடும் வெயிலில் மனித உடல் தன் வெப்பத்தை 37 டிகிரி அளவிலேயே வைத்திருக்கப் போராடுகிறது. அதற்காக வியர்வையாக நீரை இழக்கிறது. தண்ணீர் கிடைக்காத ஒட்டகமோ தன் உடல் வெப்பத்தை உயரவிடுகிறது. விடியற்காலையில் ஏறத்தாழ 34 டிகிரியாக இருக்கும் வெப்பம் மாலைக்குள் 40 டிகிரியைத் தாண்டுகிறது. பகலில் சேர்ந்த அந்த வெப்பத்தைப் பாலையின் குளிர்ந்த இரவில் வெளியேற்றிவிடுகிறது. இதனால் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 5 லிட்டர் நீர் மிச்சமாகிறது. கொழுப்பு உடலெங்கும் பரவிக் கிடந்தால் வெப்பம் வெளியேறத் தடையாகும். அது முதுகில் ஓரிடத்தில் திரண்டிருப்பதால் மற்றப் பகுதிகள் எளிதில் குளிர்கின்றன. வெயிலில் அடர்ந்த உரோமம் பாரம் என்று நாம் நினைப்போம். உரோமத்தை மழித்துப் பார்த்தபோது, ஒட்டகம் முன்னிலும் மிகுதியாக வியர்வையை இழந்தது! அந்த உரோமம் வெயிலுக்குப் பிடித்த குடையாக இருந்திருக்கிறது.

தன் உடல் எடையில் கால் பங்களவுக்கு நீரை இழந்தும் ஒட்டகம் நடக்கிறது; அதில் பாதியை இழந்தாலே பாலை வெயிலில் மனிதன் பிழைப்பது அரிது. மனிதனின் குருதி கெட்டியாகி, உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறும். ஒட்டகமோ திசுக்களிலிருந்து நீரை இழந்தாலும் குருதியிலுள்ள நீரைப் பெரிதும் காத்துக்கொள்கிறது. பின்னர் நீர்நிலையை அடைந்ததும், பத்து நிமிட அளவில் நூறு லிட்டர் வரை குடித்துவிடும். இவ்வளவு நீர் ஒரேயடியாகச் சேர்ந்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் உப்பி வெடிக்கக்கூடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் நீள்வட்ட வடிவில் அமைந்தவை, உப்பியும் வெடிப்பதில்லை.

திமிலில் தண்ணீர் இருக்கிறது என்ற கதையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். எது ‘சுப்ஹானல்லாஹ்’ என்று சொல்லத் தக்கது? பொய்க்கதை படைப்பாளனுக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அவன் உண்மையில் செய்திருப்பதை அது மறைத்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டதால், குருதியையும் உரோமத்தையும் இரவின் குளிரையும் நாம் காணாமலே போனோம்.

காரணம் தெரிந்துவிட்டால் வியப்புப் போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. எப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு அறிவியல் விடை சொல்கிறது. ஏன் இப்படியொரு ஒழுங்கு இருக்கிறது, அதை அமைத்தவன் யார் என்ற கேள்வியோ அவ்விடையால் தீர்ந்துவிடுவதில்லை. பார்வை நூலை எழுதிய இப்னுல் ஹைஸம், ஒளியின் இயல்பைச் சோதனைகளால் ஆராய்ந்தவர். முன்னோர் நூல்களைக் கண்மூடி ஏற்காமல் ஐயத்தோடு அணுகி, தம் கருத்தையும் சேர்த்தே சோதித்துப் பார்ப்பது உண்மை தேடுவோரின் கடமை என்று கருதியவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவருக்கு ஈமானும் ஆய்வும் பகையாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் நாம் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியுள்ளது. இன்று வெளிவரும் ஒவ்வொரு ஆய்வு முடிவையும் ஒரு வசனத்தோடு இழுத்துப் பொருத்தும் அவசரமும் நல்லதன்று. ஆய்வு முடிவுகள் திருத்தப்படும். திருத்தப்படுவதே ஆய்வின் இயல்பு. நேர்வழி காட்ட அருளப்பட்ட மறையை, மாறிக்கொண்டிருக்கும் முடிவுகளின் மீது சார்த்தி வைக்க நமக்கு உரிமையில்லை.

நம் ஊர்களின் வாசலிலேயே பார்க்க வேண்டியவை எத்தனை! முத்துப்பேட்டைக்குத் தெற்கே பரந்து கிடக்கும் அலையாத்திக் காட்டை எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளோடு நின்று பார்த்திருக்கின்றன? அங்கே மிகுந்திருக்கும் கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றைத் துளைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான குச்சிகளாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்றில்லாததால் மூச்சுவிட மேலே வந்த வேர்கள் அவை. அம்மரத்தின் இலையைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புநீரை உறிஞ்சும் மரம், மிகுந்த உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. நமக்கு ஒரு வாய் குடிக்கவும் ஆகாத நீரில் ஒரு காடே உயிர் வாழ்கிறது. அங்கே எந்த இலையிலும் அரபி எழுத்தைத் தேட வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை எளியவை. வரும் செய்தியை அனுப்பும் முன் ஒரு கணம் நிற்போம். கேள்விப்பட்டதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற நபிகளாரின் எச்சரிக்கை, விரலால் அனுப்புவதற்கும் பொருந்தும். தவறென்று தெரிந்த செய்தியை நாமே அனுப்பியிருந்தால், அதே குழுவில் ‘அது சரியன்று’ என்று எழுத வெட்கப்பட வேண்டாம். அதைப் பார்க்கும் பிள்ளை, தன் பெற்றோர் எதிலும் உண்மையைத்தான் சொல்வார்கள் என்று கற்றுக்கொள்ளும். மக்தபிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ வரும் பிள்ளை ‘ஏன்? எப்படி?’ என்று கேட்டால் அதட்டி அடக்காமல், தெரியாவிட்டால் ‘தெரியவில்லை, வா சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்வோம். வாரத்தில் ஒரு நாளாவது மஃரிபுக்குப் பின் மொட்டை மாடியில் பிள்ளைகளோடு அமர்ந்து, கைபேசி இல்லாமல் வானத்தைப் பார்ப்போம்.

நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்து, வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்பவர்களை ‘ஆலு இம்ரான்’ அத்தியாயம் (3:190-191) அறிவுடையோர் என்று சிறப்பிக்கிறது. அனுப்புவோரை அன்று, சிந்திப்போரை. அந்தக் கூட்டத்தில் நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக! ஆமீன்.