இதுல கோதுமை இருக்கா, ஆச்சி?

பாளையங்கோட்டையில் டிசம்பர் 20-ஐத் தாண்டிவிட்டால் தெருவே மணக்கும். ஒரு வீட்டில் அதிரசப் பாகு, அடுத்த வீட்டில் அச்சு முறுக்கு, அதற்கும் அடுத்த வீட்டில் பிளம் கேக். கிறிஸ்துமஸ் காலையில் அத்தனையும் தட்டுகளில் ஏறி வீடு வீடாகப் போகும். தீபாவளிக்குப் பலகாரம் தந்த வீடுகளுக்குத்தான் முதல் தட்டு.

அந்தத் தெருவில் ஓர் ஆச்சி வீட்டுக்கு லீவுக்கு வரும் ஒன்பது வயதுப் பேத்தி மட்டும், தட்டைப் பார்த்ததும் கை நீட்ட மாட்டாள். முதலில் கேட்பாள்: "இதுல கோதுமை இருக்கா, ஆச்சி?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அவளும் எல்லாப் பிள்ளைகளையும் போல பிஸ்கெட் டப்பாவைக் காலி செய்தவள்தான். ஆனால் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லை. அடிக்கடி வயிற்றுவலி. இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. கடைசியில் ஒரு குழந்தைகள் நல மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்து, 'சீலியாக்' என்றார். அன்று முதல் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது. வாழ்நாள் முழுக்க.

போன வருஷம் நடந்தது

பேத்திக்காக ஆச்சி போன கிறிஸ்துமஸுக்குக் கேப்பை மாவில் குக்கீஸ் சுட்டார். மைதா ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. ஆனாலும் இரண்டு தவறுகள் நடந்தன.

ஒன்று, குக்கீஸ் கையில் எடுத்ததும் மணலாக உதிர்ந்தது. பேத்தி ஸ்பூனால் அள்ளித் தின்றாள். "நல்லாத்தான் இருக்கு ஆச்சி" என்று சொல்லவும் செய்தாள்.

இரண்டாவது தவறு அன்று இரவு தெரிந்தது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். "கேப்பைதானட்டி போட்டேன், கோதுமையே தொடலியே" என்று ஆச்சி திரும்பத் திரும்பச் சொன்னார். மகள்தான் மெதுவாகக் கேட்டாள்: "மாவு எங்கம்மா அரைச்சீங்க?"

மில்லில். கேப்பைக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்துவிட்டுப் போன அதே இயந்திரத்தில்.

ஒரு சிட்டிகை ஏன் இவ்வளவு படுத்துகிறது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதத்துக்குப் பொதுப்பெயர் குளூட்டன். சீலியாக் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்பு சக்தி அவர்களின் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற பகுதிகள் தேய்ந்துபோகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் சத்து உடலில் சேராது. குளூட்டனை முழுக்க நிறுத்துவதுதான் இதற்குச் சிகிச்சை.

இதைக் கண்டுபிடித்த கதையும் பஞ்சத்தோடு பிணைந்தது. நெதர்லாந்தின் குழந்தைகள் மருத்துவர் வில்லெம் டிக்கே, ரொட்டிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று முன்பே சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில் அங்கே ரொட்டி கிடைக்காமல் போனது. ஊரே பசியில் வாடியபோது இந்தக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி சுருண்டார்கள். டிக்கேயின் சந்தேகம் உறுதியானது.

இந்தியாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால், ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இது. 20 மில்லிகிராம் என்பது சில உப்புக் கற்களின் எடை. மில்லின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மாவு அதைவிடப் பல மடங்கு.

வேலை தொடங்குவது அடுப்பில் அல்ல

இந்த வருஷம் ஆச்சி மில்லுக்குப் போகவில்லை. தினை வாங்கினார். கடைத் தினையில் வேறு தானியம் கலந்திருக்கலாம் என்பதால் முறத்தில் போட்டுப் பொறுக்கினார். இரண்டு மூன்று முறை கழுவி, சுத்தமான துணியில் உலர்த்தி, வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தார். சிறுதானிய மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், தேவையான அளவு மட்டும்.

அவர் வீட்டில் மாறிய மற்ற விஷயங்கள்:

* சல்லடை புதிது. பழைய சல்லடையின் கண்ணிகளில் ஒட்டிய மைதா எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. மரக் கரண்டி, பூரிக்கட்டைக்கும் இதே கதைதான்.
* முதலில் பேத்தியின் குக்கீஸ், பிறகே மைதா கேக். மைதாவைக் கொட்டும்போது எழும் தூசி காற்றில் நின்று மெல்லப் படியும். அதனால் குக்கீஸுக்கு ஒரு நாள், கேக்குக்கு மறுநாள்.
* தனி வெண்ணெய். பிரெட்டில் தடவிய கத்தி பட்ட வெண்ணெய் டப்பாவை எடுப்பதில்லை.
* லேபிள் படிப்பது. பேக்கிங் பவுடர், ஐசிங் சுகர், சாக்லேட் சிப்ஸ் எல்லாவற்றிலும் கோதுமை மாவு, மால்ட் இருக்கிறதா என்று பேத்தியே கண்ணாடி இல்லாமல் படித்துச் சொல்லிவிடுகிறாள்.

'சிறுதானிய பிஸ்கெட்', 'மல்ட்டிகிரெய்ன்' என்று அட்டையில் இருந்தாலும் நம்பிவிடக் கூடாது. பின்பக்கம் திருப்பினால் கோதுமை மாவு முதலிடத்தில் இருப்பது சகஜம். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைப் புரதம் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்டதாக இருந்தாலும், மருத்துவரைக் கேட்ட பிறகே சேர்ப்பது நல்லது.

தினை - பாதாம் குக்கீஸ் (சுமார் 20)

தேவையானவை:

* தினை மாவு - 100 கிராம்
* பாதாம் பொடி - 100 கிராம்
* கார்ன்ஃப்ளார் - 2 டேபிள்ஸ்பூன்
* நாட்டுச் சர்க்கரை - 90 கிராம்
* உப்பில்லாத வெண்ணெய் - 80 கிராம்
* முட்டை - 1
* புளிக்காத கெட்டித் தயிர் - 1 டேபிள்ஸ்பூன்
* பேக்கிங் பவுடர் - அரை டீஸ்பூன்
* சமையல் சோடா - கால் டீஸ்பூன்
* சுக்குத் தூள், பட்டைத் தூள் - தலா அரை டீஸ்பூன்
* ஆரஞ்சுத் தோல் துருவல் - 1 டீஸ்பூன்
* பொடியாக நறுக்கிய பேரீச்சை - 60 கிராம்
* உப்பு - ஒரு சிட்டிகை

செய்முறை:

1. தினை மாவு, பாதாம் பொடி, கார்ன்ஃப்ளார், பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, சுக்கு, பட்டைத் தூள் எல்லாவற்றையும் கலந்து சலிக்கவும். சல்லடையில் தங்கும் பாதாம் குருணையையும் மாவிலேயே சேர்த்துவிடலாம்.
2. வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, நிறம் சற்று வெளுக்கும்வரை மூன்று நான்கு நிமிடம் அடிக்கவும். முட்டை, தயிர், ஆரஞ்சுத் தோல் சேர்த்து மேலும் அடிக்கவும்.
3. மாவுக் கலவையைச் சேர்த்துக் கிளறவும். பேரீச்சையைத் தூவிக் கலக்கவும். மாவு சப்பாத்தி மாவு போல இருக்காது; இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியில் ஒட்டும். மேலும் மாவு சேர்க்க வேண்டாம்.
4. மூடி, ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வைக்கவும்.
5. ஓவனை 170 டிகிரி செல்சியஸில் சூடாக்கவும். எலுமிச்சையில் பாதி அளவு உருண்டைகளாக எடுத்து, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இடைவெளி விட்டு வைத்து, லேசாக அழுத்தவும்.
6. 11 முதல் 13 நிமிடம் சுடவும். ஓரம் மட்டும் சிவந்து, நடுப்பகுதி தொட்டால் அமுங்கும் பதத்தில் வெளியே எடுக்கவும். தட்டிலேயே 10 நிமிடம் ஆறவிட்ட பிறகு கை வைக்கவும்.

உதிராமல், மெத்தென்று வருவது எப்படி?

ரொட்டியும் பரோட்டாவும் குளூட்டன் இல்லாமல் நிற்கவே சிரமப்படும். இழுத்தால் நீளும் அந்தத் தன்மையே அதிலிருந்து வருவதுதான். குக்கீஸ் அப்படியல்ல. இதற்கு இழுவை வேண்டாம். பிடிப்பும் ஈரமும் இருந்தால் போதும். அதனால் பேக்கரி வகைகளில் கோதுமையை விட்டுவிட எளிதானது குக்கீஸ்தான்.

பிடிப்புக்கு முட்டையும் கார்ன்ஃப்ளாரும். மென்மைக்குப் பாதாமின் எண்ணெய். ஈரத்துக்கு நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும். இரண்டுமே ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

போன வருஷ மணலுக்குக் காரணம் அவசரம். சிறுதானிய மாவு மைதாவைப் போல உடனே நீரை உறிஞ்சாது. அந்த 30 நிமிடத்தில்தான் மாவு ஊறி நறநறப்பு அடங்குகிறது. இன்னொரு காரணம், 'இன்னும் வேகலையே' என்ற பயம். ஓவனில் இருக்கும்போதே கெட்டியாகிவிட்ட குக்கீஸ் ஆறியதும் கல்லாகிவிடும். வெளியே எடுத்த பின்பும் தட்டின் சூட்டில் அது வெந்துகொண்டுதான் இருக்கும்.

ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் நான்கு நாள்வரை மெத்தென்று இருக்கும். குக்கீஸ் காயாமலிருக்க டப்பாவுக்குள் ஒரு பிரெட் துண்டு போடுவது பலரின் வழக்கம். இந்த டப்பாவில் மட்டும் அதைச் செய்துவிடக் கூடாது. அதற்குப் பதில் ஓர் ஆப்பிள் துண்டைப் பட்டர் பேப்பரில் வைத்து, தினமும் மாற்றினால் போதும்.

ஓவன் இல்லையா? முட்டை வேண்டாமா?

* ஓவன் இல்லாதவர்கள்: அடி கனமான பாத்திரத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, 10 நிமிடம் சூடாக்கவும். குக்கீஸ் தட்டை உள்ளே வைத்து, சிறு தீயில் 18 முதல் 20 நிமிடம். 15 நிமிடத்திலேயே ஒருமுறை பார்த்துவிடவும். மேலே சிவக்காது, அடி சிவந்தால் போதும்.
* முட்டை வேண்டாதவர்கள்: 1 டேபிள்ஸ்பூன் ஆளி விதைப் பொடியை 3 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் வழுவழுவென்று வரும். அதை முட்டைக்குப் பதில் சேர்க்கலாம்.
* பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்கள்: உலர் தேங்காய்த் தூள் 70 கிராம். கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கும், மணம் தூக்கும்.

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் 'ஆரோக்கியமான குக்கீஸ்' என்று நான்கைந்து எடுத்துவிடக் கூடாது.

தட்டில் இருக்கும் மற்றவை

நம் பலகாரத்தில் பாதிக்கு மேல் அரிசி மாவுதான் என்பது ஆச்சிக்குப் பெரிய ஆறுதல். ஆனால் அங்கேயும் கண் வேண்டும். முறுக்கில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயம் என்று பார்த்து வாங்க வேண்டும். அச்சு முறுக்கிலும் முந்திரிக்கொத்தின் மேல்மாவிலும் சிலர் மைதா சேர்ப்பார்கள். அதிரசம் அரிசிதான், ஆனால் மைதாப் பலகாரம் பொரித்த எண்ணெயில் சுட்டிருந்தால் பயனில்லை.

பக்கத்து ஊர் தூத்துக்குடியின் புகழ்பெற்ற மக்ரூனும் முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரையால் ஆனது, மாவே இல்லாதது. அதே பேக்கரியில் மைதாவும் புழங்கும் என்பதால், தயாராகும் இடத்தைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

எல்லாரும் கோதுமையை விட வேண்டுமா?

வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்பவர்களுக்கு அதை விடுவதால் தனி நன்மை எதுவும் இல்லை. கோதுமை அதிகம் உண்ணும் வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் தெற்கில் சீலியாக் குறைவு. அதனாலேயே இங்கே பலருக்கு இது தெரிவதில்லை. 'பிள்ளைக்குச் செல்லம்' என்று சொல்லிவிடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்திப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பரிசோதித்தால்தான் முடிவு சரியாக வரும். முன்பே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.

இந்த வருஷத் தட்டு

போன வருஷம் பேத்திக்கென்று தனி டப்பா, தனித் தட்டு. இந்த வருஷம் ஆச்சி வேறு மாதிரி யோசித்தார். தெருவுக்குப் போகும் எல்லாத் தட்டிலும் தினை குக்கீஸ். பேத்திக்கானதை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிட்டார். மற்ற பலகாரத்தோடு அது ஒட்டக் கூடாதே! ஆனால் எதிர்வீட்டுப் பையன் கடித்ததும் அவள் கடித்ததும் ஒரே குக்கீஸ்தான். "இன்னொண்ணு இருக்கா?" என்று அவன் திரும்பி வந்ததில் அவளுக்குத்தான் பெருமை அதிகம்.

மதியம் டப்பாவைத் திறந்தவள், பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்: "இதுல கோதுமை இருக்கா, ஆச்சி?"

"என்ட்ட கேக்க? நீதானட்டி மாவு சலிச்ச!"

அவள் சிரித்துக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தாள். இந்த முறை ஸ்பூன் தேவைப்படவில்லை.