கதைக்கு உயிர் எது?

கதை எழுதுவது எப்படி என்று கேட்கும் நேயர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குக் கிடைக்கும் விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: பாத்திரங்கள் வேண்டும், சம்பவம் வேண்டும், இடமும் காலமும் வேண்டும், கதையைச் சொல்லுவதற்கு ஒருவர் வேண்டும். இதைக் கேட்டுக்கொண்ட நேயர் என்ன செய்கிறார்? ஒரு கதாநாயகியைப் பிடிக்கிறார். அவளுக்கு ஒரு கிராமத்தையும், அந்தக் கிராமத்துக்கு ஒரு பௌர்ணமி நிலவையும் அளிக்கிறார். பிறகு கதையை எப்படி முடிப்பதென்று தெரியாமல் அந்தப் பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிடுகிறார். கதை முடிந்துவிட்டது, ஆனால் படிப்பவர் கண்ணில் ஒரு துளி நீர் வரவில்லை. புளி, மிளகு, பெருங்காயம் எல்லாம் போட்டும் ரஸம் ருசிக்காமற் போவதுண்டல்லவா? அந்தக் கதிதான்.

குறை எங்கே இருக்கிறது? தினசரிப் பத்திரிகையின் ஒரு மூலையில், குளத்தில் விழுந்து இளம்பெண் மரணம் என்று இரண்டு வரி வருகிறது. அதிலும் பாத்திரம் உண்டு, சம்பவம் உண்டு, ஊரின் பெயரும் தேதியும் உண்டு. நாம் அதைப் படித்து, “ஐயோ பாவம்!” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அவள் ஏன் அப்படிச் செய்தாள், அதைத் தடுத்திருக்க முடியுமா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. அந்த ‘ஏன்’ என்னும் கேள்வி நம்மைப் பற்றிக்கொள்ளும்போதுதான் கதை பிறக்கிறது. பாத்திரமும் சம்பவமும் இடமும் காலமும் மணிகள் என்றால், அவற்றைக் கோக்கும் சரடு இந்தக் கேள்வியே.

இதை ஒரு தமிழ்க் கதையை வைத்தே பார்ப்போம். வ. வே. சு. ஐயர் புதுச்சேரியில் வசித்த நாளில், 1915-ஆம் வருஷத்தில், அவருடைய ‘குளத்தங்கரை அரசமரம்’ வெளிவந்தது. தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பலராலும் போற்றப்படுவது அது. ருக்மிணிக்கு இளம் வயதிலேயே நாகராஜனோடு விவாகம் நடந்துவிடுகிறது. பின்னர் அவளுடைய தந்தை தம் பொருளையெல்லாம் இழந்து ஏழையாகிறார். சம்பந்திகளின் முகம் மாறுகிறது. பிள்ளைக்குப் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தியை இரண்டாந் தாரமாக நிச்சயம் செய்கிறார்கள். நாகராஜன் மனத்திலோ வேறொரு திட்டம் இருக்கிறது. கடைசி வரையில் சம்மதிப்பவன்போல் நடித்துப் பெற்றோரை ஏமாற்றிவிட வேண்டும் என்பதே அது. அந்த ரகசியத்தைத் தோழனிடம் சொல்லுகிறான். மனைவியிடம் விளங்கச் சொல்லவில்லை. அவள் குளத்தில் இறங்கி உயிரை விடுகிறாள். அவன் துறவு பூணுகிறான்.

முதலில் பாத்திரத்தைக் கவனியுங்கள். நாகராஜன் கொடியவன் அல்லன். கொடியவனாயிருந்தால் நாம் அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். அவன் நல்லவன், மனைவியிடம் அன்புள்ளவன், ஆனால் வேடிக்கையில் ஆசையுள்ள இளைஞன். ஒரு நாடகம் ஆடிப் பார்க்க வேண்டுமென்ற அந்தச் சிறு ஆசையே பெரும் துயரத்துக்கு விதையாகிறது. ருக்மிணிக்கோ அவனுடைய வார்த்தையைத் தவிர உலகில் வேறு பிடிமானம் இல்லை. இந்த இருவரையும் அருகருகே நிறுத்தியதுமே சம்பவம் பாதி உருவாகிவிடுகிறது. மேலே இருந்து விதி வந்து குதிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்தபடியாக இடமும் காலமும். தந்தையின் பொருள் எப்படிப் போயிற்று? சென்னையில் பெயர் பெற்று விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேயர் ஸ்தாபனம் 1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் முறிந்தது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக் கணக்கான குடும்பங்கள் தவித்தன. அந்த முறிவையே ஐயர் தம் கதைக்குள் கொண்டுவந்தார். எங்கேயோ பட்டணத்தில் கதவு மூடப்படுகிறது. கிராமத்துக் குளத்தங்கரையில் ஒரு பெண்ணின் வாழ்வு இருண்டுபோகிறது. மேலும், மனைவி உயிரோடிருக்கையிலேயே மற்றொருத்தியை மணப்பதற்கு அந்நாளில் சட்டத்தின் தடை இல்லை. நாடு தழுவிய இந்து விவாகச் சட்டம் 1955-ல்தான் வந்தது. ஆகவே ருக்மிணியின் அச்சம் வீண் அச்சம் அன்று. காலம் என்பது கதைக்குப் பின்னால் தொங்கும் நாடகத் திரையாக இல்லாமல், கதைக்குள் புகுந்து காரியம் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

கதையைச் சொல்லுவது யார்? தலைப்பிலேயே விடை இருக்கிறது, அரசமரந்தான் சொல்லுகிறது. நாகராஜன் சொல்லியிருந்தால் அது குற்றவாளியின் வாக்குமூலமாகப் போயிருக்கும். ருக்மிணியின் வாயிலாக வந்திருந்தால் கணவனின் உள்ளக் கிடக்கை நமக்குத் தெரிந்திராது. மரமோ இரண்டையும் அறிந்தது. தன் நிழலில் அவன் தோழனிடம் பேசியதையும் கேட்டது. அவள் அழுததையும் கண்டது. அறிந்தும் அதற்கு நாவில்லை. ‘அம்மா, அவன் உன்னைக் கைவிடமாட்டான்!’ என்று ஒரு வார்த்தை சொல்ல அதனால் முடியவில்லை. படிக்கும் நாமும் அந்த மரத்தின் நிலையிலேயே நிற்கிறோம். எல்லாம் தெரியும், எட்டிப் பிடிக்க முடியாது. சொல்லுகிறவரைத் தேர்ந்தெடுப்பதிலே கதையின் உருக்கம் எவ்வளவு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

இந்த யுக்தி ரவீந்திரநாத தாகூருடையதல்லவா என்று விஷயமறிந்த நேயர்கள் கேட்கலாம். உண்மைதான். தாகூர் 1884-ல் எழுதிய வங்காளிக் கதை ஒன்றில் கங்கைக் கரையின் படித்துறையே பேசுகிறது; அங்கும் குஸும் என்ற பெண் நீரில் மறைகிறாள். ஆனால் குஸும் பால்ய விதவை. ஒரு சந்நியாசியிடம் அவள் மனம் சென்றது. தன்னை மறந்துவிடும்படி அவர் கட்டளையிட்டதே அவள் முடிவுக்குக் காரணம். அங்கே சொல்லப்பட்ட ஒரு வார்த்தை. இங்கே சொல்லப்படாத ஒரு வார்த்தை. பேசும் சாட்சியும் நீரும் பெண்ணும் ஒத்திருந்தும், ‘ஏன்’ மாறியதால் கதையே மாறிவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்த பழங்கதைக்கும் இந்த விதி பொருந்தும். அகலிகை கல்லானதும், இராமன் பாததூளியால் மீண்டதும் பாட்டிமார் சொல்லி நாம் அறிந்தவை. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய ‘சாப விமோசனம்’ அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லுகிறது. சீதையை அக்கினிப் பிரவேசம் செய்யச் சொன்னவன் இராமனே என்று அகலிகை கேள்விப்படுகிறாள், மறுபடியும் கல்லாகிறாள். இந்த முறை எந்த முனிவரும் சபிக்கவில்லை. அவளுடைய நெஞ்சே அவளைக் கல்லாக்கிற்று. கல்லாகும் சம்பவம் பழையது, காரணம் புதியது.

ஆகையால், பேனாவைக் கையில் எடுக்கும் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் கதாநாயகியைக் கிணற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுமுன், அந்த வீட்டில் யார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் திரும்பி வந்திருப்பாள் என்று யோசியுங்கள். மாமியாரா, கணவனா, அடுத்த வீட்டுக்காரியா? அவர் ஏன் அதைச் சொல்லவில்லை? நாணமா, கோபமா, வெறும் அசட்டையா? விடை அகப்பட்டால் அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள். எழுதிக்கொண்டு போகையில், சொல்ல வேண்டிய வார்த்தையை யாராவது சொல்லிவிட்டு அவளைக் காப்பாற்றினாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.