காதில் சொன்ன ரகசிய எண்

டெங்கில் கடையில் நீட்டிய கார்டு மெஷின் வழவழக் கண்ணாடி. விரலுக்குத் தட்டுப்பட ஒரு பொத்தான்கூட இல்லை. பார்வையற்ற நண்பர் தம் ரகசிய எண்ணை என் காதில் சொன்னார், நான் அழுத்தினேன். அப்புறம் அது என்ன ரகசியம்? பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்வையற்றோருக்குத் தடக்கற்கள் பதித்த நாம் கல்லாவை மறந்துவிட்டோம். கட்டடம், போக்குவரத்து, தகவல் அனைத்திலும் உரிமை தரும் மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், மீறுவோருக்கு அபராதம் இல்லை. போதாக்குறைக்கு 41ஆம் பிரிவு: நல்லெண்ணத்தில் செய்யாமல் விட்டதாகச் சொன்னால் அரசாங்கத்தின் மீது வழக்கும் நிற்காது. (செய்யாமல் விடுவதில் என்ன நல்லெண்ணமோ!) ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2025 ஜூன் 28 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் கட்டண இயந்திரங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும், தவறினால் தண்டனை உண்டு. நம் சட்டத்தைத் திருத்துகிறவர்கள் அந்த 41இலிருந்து தொடங்கட்டும்.